சொல்லும் சிகிச்சையும்: பால்புதுமையர் உளவியல் பயிற்சியில் தமிழின் இடம்

முன்னுரை

பால்புதுமையர்க்கு உளவியல் துணை அளிப்போரை உருவாக்கும் முதுநிலைப் பயிற்சி இன்று பல நாடுகளில் தனித்துறையாக வளர்ந்துள்ளது. சிங்கப்பூரில் மருத்துவ உளவியல் ஆங்கில வழியே பயிற்றுவிக்கப்படுகிறது. ஆனால் ஆலோசனை அறைக்கு வரும் தமிழ்த் தாய் ஆங்கிலத்தில் அழுவதில்லை. தமிழ்ச் சொற்களைக் கையாளும் திறன் இப்பயிற்சியின் இன்றியமையாக் கூறு என்பதையும், அண்மையில் வெளிவந்த அரசுச் சொற்பட்டியல் அத்தேவையை ஒரு பகுதி மட்டுமே நிறைவு செய்கிறது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் வளர்ச்சி

அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 1973ஆம் ஆண்டு தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. உளவியலாளர் எவ்லின் ஹூக்கர் 1957இல் வெளியிட்ட ஆய்வு அம்மாற்றத்திற்கு வழியமைத்தவற்றுள் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் அவ்வாறே செய்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 1985இல் இதற்கெனத் தனிப் பிரிவு (44ஆம் பிரிவு) அமைத்தது. 2000இல் வழிகாட்டு நெறிகளை ஏற்றுப் பின்னர் அவற்றைத் திருத்தியது. இந்திய உளநோய் மருத்துவச் சங்கமும் தன்பாலீர்ப்பு நோயன்று என 2018இல் அறிவித்தது. எனவே பயிற்சி பெறும் மாணவர் இன்று கற்பது நோயை நீக்கும் முறையை அன்று. இழிவுக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானவரின் துயரை ஆற்றும் முறையையே.

சிங்கப்பூருக்கு இதில் நெடிய வரலாறு உண்டு. லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1971ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பால்மாற்று அறுவைச் சிகிச்சை முதன்முதலாக நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். ஷான் ரத்னம். அவர் பணியில் உளநோய் மருத்துவரின் மதிப்பீடு அறுவைக்கு முந்திய படியாக இருந்தது. அறுவை செய்துகொண்டோரின் திருமணத்தைச் சட்டம் 1996இல் ஏற்றது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டு, 2023 ஜனவரி முதல் வழக்கொழிந்தது. அறுவையிலும் சட்டத்திலும் ஏற்பட்ட இம்மாற்றங்கள் வீட்டுத் தமிழை எட்டினவா என்பதே நம்முன் உள்ள வினா.

நீதிமன்றமும் சொற்பட்டியலும்

இவ்வினாவிற்கு விடைதேடும் முயற்சி தமிழ்நாட்டில் நீதிமன்றத்திலிருந்து தொடங்கியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இளம்பெண் இணையரின் வழக்கில் (எஸ். சுஷ்மா எதிர் காவல் ஆணையர்), சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். இப்பொருள் குறித்துத் தமக்குப் போதிய புரிதல் இல்லை என உணர்ந்த அவர், உளவியலாளர் வித்யா தினகரனிடம் அமர்ந்து கற்ற பின்னரே தீர்ப்பெழுதினார். தீர்ப்பளிப்பவரே முதலில் மாணவராகும் இக்காட்சி நம் நீதிமன்ற வரலாற்றில் அரிது. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அவ்வாணை தடைசெய்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் மதிப்புமிக்க சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநர், ஊடுபால், பால்புதுமையர் முதலிய சொற்கள் இவ்வாறு அரசு ஏற்புப் பெற்றன.

இப்பட்டியலின் பயன் பெரிது. 'ஓரினச்சேர்க்கை' என்னும் பழைய சொல் மனிதரைச் செயலாகச் சுருக்கியது; 'ஈர்ப்பு' என்னும் சொல்லோ உள்ளத்தைச் சுட்டுகிறது. உளவியலாளர்க்கு இவ்வேறுபாடு அடிப்படையானது. யாரோடும் உறவு கொள்ளாத பதினாறு வயது மாணவரின் கலக்கத்தைச் 'சேர்க்கை' என்னும் சொல்லால் பேசவே இயலாது.

எனினும் இப்பட்டியல் அரசு அலுவலகத்தையும் செய்தித்தாளையும் கருதி உருவானது; பெரும்பாலும் பெயர்களால் ஆனது. ஆலோசனை அறையில் பேச்சு பெயரோடு நிற்பதில்லை. வினைமுற்றிலும் உறவுப்பெயரிலும் நிகழ்கிறது. மேலும், சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் வழக்கம் இங்கே ஊறு விளைவிக்கும். பாலீர்ப்பை மாற்ற முயலும் தீங்கான நடைமுறையை 'மாற்றுச் சிகிச்சை' எனப் பெயர்த்தால், 'மாற்று மருத்துவம்' என்னும் சொல்லுக்குப் பழகிய பெற்றோர் அதனைச் சித்த மருத்துவம்போல் நல்லதொரு வழி என்றே கொள்வர். எச்சரிக்கையாக அமைய வேண்டிய சொல் பரிந்துரையாக மாறிவிடும்.

வினைமுற்றின் சிக்கல்

ஆங்கிலத்தில் பாலைக் காட்டுவது பிரதிப்பெயர். தமிழிலோ படர்க்கை வினைமுற்றும் பாலைக் காட்டும். 'வந்தான்' என்பதா, 'வந்தாள்' என்பதா என்னும் முடிவைத் தாய் ஒவ்வொரு வாக்கியத்திலும் எடுக்க வேண்டியுள்ளது. நம் இலக்கணிகள் இச்சிக்கலை அறிந்திருந்தனர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைத்து, அது ஆண்பால் வினையொடு முடியாது என்றார். பவணந்தியார் ஒருபடி மேற்சென்று, ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும், பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை விரும்புவோரை ஆண்பாலிலும் அடக்கினார். விருப்பமே பாலைத் தீர்மானிக்கிறது என்னும் இக்கருத்து, தன்னை அறிவிக்கும் உரிமையைத் திருநர்க்கு வழங்கிய இந்திய உச்சநீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்போடு ஒப்பிடத்தக்கது.

ஆயினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் கூடாது. தொல்காப்பியர் கையாண்ட 'திரிந்த' என்னும் அடை இயல்பிலிருந்து விலகியமையைக் குறிக்கிறது. பவணந்தியார் அஃறிணை முடிபிற்கும் இடந்தந்தார். இன்றும் 'அது' என்னும் சொல் தெருவில் திருநங்கையை இழிவுபடுத்தும் வசையாக விளங்குகிறது. அதே அஃறிணை வீட்டிற்குள் 'பிள்ளை சாப்பிட்டுச்சா?' எனப் பாட்டியின் வாயில் அன்பாகவும் ஒலிக்கிறது. ஒரே விகுதி ஓரிடத்தில் வாஞ்சை, மற்றோரிடத்தில் வன்மம். யார், யாரிடம், எங்கே சொன்னார் என்பதை அறியாத உளவியலாளர் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

செம்பவாங் வட்டாரத்தை எண்ணிப் பார்க்கலாம். பிரித்தானியர் 1938இல் திறந்த கடற்படைத் தளத்தை நம்பித் தமிழரும் மலையாளிகளும் அங்குக் குடியேறினர். அத்தகைய குடும்பமொன்றில் பாட்டி தமிழிலும், பேரப்பிள்ளை ஆங்கிலத்திலும், நடுவிலுள்ள தாய் இரண்டிலும் பேசுவது இயல்பு. 'நான் மகளல்லேன், மகன்' எனப் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் அறிவிக்கும்போது, அதனைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லும் சுமை தாயின்மேல் விழுகிறது. அவர்க்குச் சொல் இல்லையெனில் மௌனம் நிலவும்; அல்லது 'ஏதோ கோளாறு' என்னும் சொல் அவ்விடத்தை நிரப்பும். கோளாறு என்றபின் அடுத்த கேள்வி 'எங்கே சரிசெய்வது?' என்பதே.

பயிற்சிக்குச் சில பரிந்துரைகள்

முதலாவதாக, தமிழ்க் குடும்பங்களோடு பணியாற்றவிருக்கும் மாணவர்க்கு விளிப்பும் வினைமுற்றும் பயிற்சிப் பொருளாதல் வேண்டும். முன்னிலையில் பால் வேறுபாடு இல்லை. 'நீ வந்தாய்' என்பது இருபாலார்க்கும் பொது. மகனை மகள் என அழைக்க நாவெழாத தாயும், 'வா, சாப்பிடு' எனத் தயக்கமின்றி அழைக்கலாம். 'அவர் வந்தார்' என்பதும் பால் காட்டாது. ஆயின் பெற்ற பிள்ளையை 'அவர்' என்பது அயன்மை தரும் என்பதையும் மாணவர் உணர்தல் நன்று.

இரண்டாவதாக, லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', அ. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' ஆகிய தன்வரலாறு சார்ந்த நூல்கள் பாடமாக வேண்டும். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' பரிவோடு எழுதப்பட்டதாயினும் வெளியிலிருந்து நோக்கிய புதினம். பரிவுக்கும் தன்குரலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர இவற்றை ஒருசேர வைத்துக் கற்பிக்கலாம்.

மூன்றாவதாக, சொற்களை ஆக்கும் பணியில் பால்புதுமையரே முதன்மை பெறுதல் வேண்டும். தமிழாசிரியர் அச்சொற்களின் புணர்ச்சியையும் பொருட்பரப்பையும் செம்மை செய்து துணைநிற்கலாம்.

முடிவுரை

உளவியல் தமிழ்த்துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்னும் மறுப்பு எழக்கூடும். சிகிச்சை அளிப்பது நம் பணியன்று, அது உண்மையே. ஆனால் உளவியலாளரின் முதன்மைக் கருவி சொல். அச்சொல் தமிழ்ச்சொல்லாக அமையும்போது அதற்கு நாமும் பொறுப்பாளர் ஆகிறோம். மேலும், கலங்கிய மாணவர் உளவியலாளரைக் காண்பதற்கு முன்பே தமிழ் வகுப்பில் நம்முன் அமர்ந்திருக்கிறார். தொல்காப்பிய நூற்பாவை விளக்கும்போது 'திரிந்த' என்னும் சொல்லை ஆசிரியர் எத்தொனியில் உரைக்கிறார் என்பதை அவர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.