மைட்டர் சாவும் 20 பேர் கணக்கும்
சிறுசேரி ஃப்ளாட்டுகளில் இன்டீரியர் வேலை நடக்கும்போது கவனிச்சுப் பாருங்க. மைட்டர் சாவின் கீழ் கார்டைக் கம்பியால் தூக்கிக் கட்டியிருப்பாங்க. அலட்சியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஸ்பிரிங்கில் தானாக மூடவேண்டிய கார்டு, மரத்தூளும் பிசினும் சேர்ந்தால் சிக்கும். சிக்கினால் வேலை நிற்கும், அதனால்தான் கட்டுறாங்க. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த நேரத்துக்கு யார் கூலி தருவது? 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு கேட்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடமென்றால் 10 பேராவது இருக்கணும். 2020 தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. ஃப்ளாட்டில் இருப்பதோ மூணு பேர். சட்டம் இந்த வாசலுக்கு வராது. ரேட் பேசும்போது, மெஷினைத் துடைக்கிற பத்து நிமிஷத்தையும் நாமதான் சேர்த்துப் பேசணும்.