பதுக்கையும் கற்பதுக்கையும்: ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு மறுவாசிப்பு

தமிழில் எழுதப்படும் தொல்லியல் கட்டுரைகளில் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. இரும்புக்கால ஈமச்சின்னம் ஒன்றை விவரித்து முடித்தவுடன் அதற்குச் சான்றாகச் சங்கப்பாடல் ஒன்றின் எண் தரப்படும். தாழி என்றால் புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள். கற்பலகைகளால் அமைந்த அறை என்றால் ‘பதுக்கை’ என்னும் சொல் வரும் பாடல்களுள் ஏதேனும் ஒன்று. முதல் பொருத்தத்தில் குறை காண இடமில்லை. கிள்ளிவளவனுக்குத் தாழி வனையும் வேட்கோவனை நோக்கி ஐயூர் முடவனார் இரங்குகிறார். கணவனைச் சுரத்தில் இழந்தவள் தனக்கும் இடம் இருக்கும்படி அகன்ற தாழியாக வனையுமாறு வேண்டுகிறாள். பாடல் கூறும் பொருளும் அகழாய்வில் கிடைக்கும் பொருளும் அங்கே ஒன்றே. இரண்டாவது பொருத்தம் அத்தகையதன்று. அது சொல்லளவில் மட்டுமே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதனைப் போடிநாயக்கனூர்ப் பகுதியை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஊருக்கு மேற்கே ஏலமலைச் சரிவு. போடிமெட்டு வழியாக ஏறி மூணாற்றைக் கடந்தால் மறையூர்ப் பள்ளத்தாக்கு. அங்குள்ள கற்திட்டைகளை மக்கள் ‘முனியறை’ என்கின்றனர். வடக்கே பழனிமலைத் தொடர். அதன் கற்திட்டைகளைப் பற்றி அருட்தந்தை ஆங்லாட், நியூட்டன் ஆகியோர் எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 36ஆம் எண்ணாக வெளிவந்தது. கிழக்கே வைகைச் சமவெளியில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். மலைமேல் எழுத்தில்லாக் கல், சமவெளியில் எழுத்துடைக் கல், இரண்டையும் இணைக்கும் கணவாய்வழிகள். பதுக்கை என்னும் சொல்லைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தக்க நிலப்பகுதி தமிழகத்தில் அரிது.

முதலில் தொல்லியலார் கூறும் கற்பதுக்கை. நிலத்தைத் தோண்டி, நான்கு பக்கமும் பெரும் பலகைக்கற்களை ஒன்றன் விளிம்பை மற்றொன்று தாங்குமாறு நிறுத்தி, அடியில் ஒரு பலகையும் மேலே ஒரு மூடுகல்லும் இட்டு அமைப்பது. பல இடங்களில் ஒரு பக்கப் பலகையில் வட்டமான இடுதுளை இருக்கும். உள்ளே கலயங்கள், இரும்புக் கருவிகள், சில வேளை மணிகள். கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009-10 ஆண்டுகளில் கா. இராஜன் நடத்திய அகழாய்வில், கல்லறை ஒன்றினுள் நான்குகால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. பலகைக்கல்லைப் பிளந்து, சுமந்து, பொருத்தி முடிக்கப் பலருடைய உழைப்பும் பல நாளும் வேண்டும். இறந்தவருக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது, அக்குழுவிடம் செல்வமும் நேரமும் இருந்தன என்பதையே இவ்வமைப்பு காட்டுகிறது.

இனிப் பாடல்கள். புறநானூற்றின் மூன்றாம் பாடலில் இரும்பிடர்த்தலையார் காட்டும் பதுக்கை, வன்கண் மறவர் அம்பெய்து வீழ்த்தியவர்களின் மேல் புதிதாக எழுந்தது. அது இருக்குமிடம் கவர்த்த வழி. அருகே மரத்தில் பருந்து வருந்தியிருக்கிறது. குறுந்தொகை 77இல் மதுரை மருதன் இளநாகனார் பாடுவது வெஞ்சுரத்தில் மாண்ட வழிப்போக்கரின் பதுக்கை. அதன்மேல் தழை இடப்பட்டுள்ளது. நெடிய யானைக்கு நிழல் தரும் அளவுக்கு அது உயர்ந்து நிற்கிறது. இவ்விரு பாடல்களிலும் இறந்தவருக்குப் பெயரில்லை, ஊரில்லை, உடன் அழ ஒருவரும் இல்லை. கொன்றவரோ பின்வந்த வழிப்போக்கரோ கைக்குக் கிடைத்த கல்லையும் தழையையும் இட்டு மூடியிருக்கலாம். பலகை நிறுத்தவும் இடுதுளை குடையவும் அங்கே எவருக்கு நேரம்? மூடுகல்லின் கீழ் மண்ணுக்குள் இருக்கும் அறை யானைக்கு எவ்வாறு நிழல் தரும்? இவ்வெளிய கேள்வியைக்கூட எழுப்பாமல் இப்பாடல்களைக் கற்பதுக்கைக்கு மேற்கோளாக்கும் போக்கு வியப்பளிக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. புறநானூறு 264இல் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடும் பதுக்கை வேறு வகையானது. பரற்கல் நிறைந்த இடத்தில் பதுக்கையைச் சேர்ந்தாற்போல் நடுகல் நடப்படுகிறது. மரல்நாரில் தொடுத்த மாலையும் மயிற்பீலியும் சூட்டப்படுகின்றன. கல்லில் பெயரும் பொறிக்கப்படுகிறது. இங்கே இறந்தவன் பெயரற்றவன் அல்லன். பாணர் சுற்றம் அவனை நாடி வரும். புலிமான்கோம்பைக் கற்களில் உருவம் ஏதுமில்லை, எழுத்து மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பானுக்கு எடுக்கப்பட்டது. ஆகோள் தொல்காப்பியம் வெட்சிக்குக் கூறும் துறைகளுள் ஒன்று. கூடலூர் என்னும் ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில் இன்றும் உண்டு. பாடலும் கல்லும் இத்துணை நெருங்கிவரும்போது, பாடலின் பதுக்கையும் இரும்புக்காலக் கல்லறையும் ஒன்றே எனக் கொள்வதில் பிழையென்ன என்று கேட்கலாம்.

நெருங்கிவருவது நடுகல்தான். பெயர் பொறித்துக் கல் நடும் வழக்கம் 264ஆம் பாடலிலும் வைகைக் கரையிலும் ஒன்றாக இருப்பது உறுதியான பொருத்தம்; அதனை ஏற்கத் தடையில்லை. அக்கல்லின் அருகிலிருந்த பதுக்கைக்குள் பலகை அறை இருந்ததா என்பது குறித்துப் பாடல் எதுவும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் புலவருக்கு இல்லை. அவர் காண்பது நிலத்துக்கு மேலே தெரியும் குவியலை. பதுக்குதல் என்றால் மறைத்தல். மறைக்கும் குவியல் பதுக்கை. கொலையுண்ட வழிப்போக்கனை மூடிய கல்லும் தழையும், போரில் பட்ட வீரனை மூடிய கற்குவியலும் புறத்தோற்றத்தில் ஒன்று போலவே இருந்திருக்கும். ஆகவே ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. தொல்லியலாரின் கற்பதுக்கையோ அகழ்ந்தபின் தெரியும் உள்ளமைப்பின் பெயர். புறத்தே தெரிவதற்கு அவர்களே கற்குவை, கல்வட்டம் என வேறு பெயர்கள் வைத்துள்ளனர். சங்கப் பதுக்கைக்கு நிகரான கலைச்சொல்லைத் தேடினால் கற்குவையே அண்மையில் வரும், கற்பதுக்கை வராது. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிட்டது. இது கலைச்சொல்லாக்கத்தில் நேரும் பழைய விபத்து.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இங்கே நினைவுக்கு வரும். சுடுவது, வெளியில் இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என ஐவகையை அது அடுக்குகிறது. பலகைக் கல்லறைக்கு இலக்கியச் சான்று வேண்டுமெனில் நான்காவதே ஓரளவு இசையும். ஆயினும் அந்நூல் சாத்தனார் காலத்துப் புகார்ச் சுடுகாட்டைப் பற்றியது. பழனிமலை உச்சிக்கு அதனை அப்படியே ஏற்றிவிட இயலாது. பாறை மிகுந்த மலையில் கல், மண் ஆழ்ந்த சமவெளியில் தாழி என நிலத்தைக் கொண்டு வடிவத்தை விளக்குவோரும் உளர். இலங்கையின் வடமேற்குக் கரையோரப் பொம்பரிப்பில் கிடைத்த தாழிகள் அதற்கு உதவும், ஆதிச்சநல்லூர் உதவாது. அங்கே பாறையைக் குடைந்து, அக்குழியில் தாழியை இறக்கியிருக்கின்றனர். வடிவத்தைத் தேர்ந்தவர் மனிதர். நிலம் இடங்கொடுத்தது, அவ்வளவே.

சொல்லைப் பிரித்துப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்போருக்கு ஒன்று கூறலாம். பாடலின் பதுக்கையைக் கல்லறையோடு ஒன்றாக்கும்போது முதலில் மறைபவர் சுரத்தில் மாண்ட அந்தப் பெயரற்றவரே. சூதுபவளமும் நெல்லும் வைத்துப் புதைக்கப்பட்டவரின் கணக்கில் அவரும் சேர்ந்துவிடுகிறார். சங்கச் சமூகத்தில் எல்லாச் சாவுக்கும் கல்லெடுத்த ஒரு பொற்காலம் நம் கட்டுரைகளில் உருவாகிவிடுகிறது. மலைமேல் ‘முனியறை’ என்னும் பெயரும், சமவெளியில் ‘மதமதக்கத் தாழி’ பற்றிய கதைகளும் அறிவியலுக்குப் புறம்பானவை என ஒதுக்கப்படுகின்றன. அவை எவற்றையும் நிறுவ முற்படாதவை. பாடல் எண்ணை அடிக்குறிப்பில் இடும் நம் வழக்கமோ நிறுவுவதாகத் தோற்றம் தருகிறது. அந்த அளவில் அது கூடுதலாகத் தவறு செய்கிறது.

கற்பதுக்கை என்னும் கலைச்சொல்லை இனி மாற்றுவது எளிதன்று. அகழாய்வு அறிக்கைகளிலும் பாடநூல்களிலும் அது நிலைபெற்றுவிட்டது; நிலைக்கட்டும். அதனைச் சங்கப் பதுக்கையின் வாரிசாக எழுதுவதை மட்டும் நிறுத்தலாம். களப்பதிவுப் படிவங்களில் இப்போது பல வேளைகளில் ‘ஈமச்சின்ன வகை’ என்று ஒரே கட்டம் உள்ளது. புறத்தே தெரியும் குவியலுக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று என அதனை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உழவிலும் தோட்ட விரிவாக்கத்திலும் முதலில் அழிவது மேற்குவியலே. கல்லைப் பொறுக்கி வரப்பில் அடுக்கிவிட்டால், பின்னர் வரும் ஆய்வாளர் பலகை அறையை மட்டுமே காண்பார். கற்பதுக்கை என்று எழுதுவார். சங்கப் புலவர் கண்ட பகுதி அதற்குள் வரப்பில் கிடக்கும். வைகைக்கும் ஏலமலைக்கும் இடைப்பட்ட வழிகளில் இனி நடைபெறும் மேற்பரப்பாய்வு, கணவாய்ப் பாதையோரத்துச் சிறு கற்குவைகளை உள்ளறை இல்லை என்பதற்காகத் தள்ளிவிடாமல், இருக்குமிடமும் உயரமும் குறித்து வைக்குமாயின், குறுந்தொகை 77ஐ எந்தக் கல்லின் அருகே வைத்து வாசிப்பது என்பதை அதன்பின் பேசலாம்.