மோட்டார் இரண்டாம் முறை சுழலும்போது

திண்டிவனம் நீதிமன்றத்தை ஒட்டிய டைப்பிங் கடையானாலும், விழுப்புரத்தில் பத்திரம் அடிக்கும் கடையானாலும், மேசை மேல் இன்றைக்கும் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் எச்பி லேசர்ஜெட் 1020 அல்லது கேனான் எல்பிபி 2900. இரண்டுக்கும் இருபது வயது ஆகிறது. பெயர் வேறானாலும் ரத்தம் ஒன்று: 1984-இல் வந்த முதல் லேசர்ஜெட்டுக்கே உள் எந்திரம் கேனானுடையது. 12ஏ கார்ட்ரிட்ஜுக்கு ரீஃபில் போடுகிறவர் கேனானின் 303-க்கும் அதே கையோடு போட்டுவிடுவார். பேப்பர் இழுக்கவில்லையா, பிக்கப் ரோலரை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எழுத்து தேய்த்தால் உதிர்கிறதா, பியூசரைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கடைக்குப் புதுக் கணினி வரும் நாளில்தான் உண்மையான வித்தை தேவைப்படுகிறது.

‘பழைய மாடல், அதனால் ஒத்துவரவில்லை’ என்பது வழக்கமான தீர்ப்பு. அது தவறு என்பதற்கு 1992-இல் வந்த லேசர்ஜெட் 4 சாட்சி. 1020-ஐவிடப் பதின்மூன்று வயது மூத்தது; ஆனால் பிசிஎல் என்ற பக்க மொழி அதற்குச் சொந்தமாகத் தெரியும். விண்டோஸும் லினக்ஸும் அந்த மொழியை இன்னும் மறக்கவில்லை. பேரலல் போர்ட்டை யுஎஸ்பியாக மாற்றும் ஒரு கேபிள் இருந்தால் பெரும்பாலும் போதும். தகராறு செய்வது இளையதுதான். மலிவாக விற்பதற்காக 1020-இன் மூளையையே கழற்றிவிட்டார்கள்: நினைவகம் 2 எம்பி, பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலை முழுக்கக் கணினியின் தலையில். தன்னை இயக்கும் ஃபர்ம்வேர்கூட அதற்குள் நிரந்தரமாக இல்லை; ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினிதான் கேபிள் வழியே ஊட்ட வேண்டும். காது கொடுத்தால் இது கேட்கும். சுவிட்ச் போட்டதும் மோட்டார் ஒருமுறை சுழன்று அடங்கும். சில நொடி கழித்து, ஃபர்ம்வேர் உள்ளே போனதும், மறுபடி சுழலும். அந்த இரண்டாவது சுழற்சி கேட்கவில்லை என்றால் ரோலரையும் டோனரையும் கிளறுவது வீண்.

விழுப்புரத்துக்காரருக்கு இதை விளக்குவது எளிது. சென்னைப் பாதை அகலமான பிறகும் காட்பாடிப் பக்கம் சில ஆண்டுகள் மீட்டர் கேஜாகவே இருந்தது. வண்டியில் பழுதில்லை, தண்டவாளத்தின் அகலம் வேறு. பயணிகள் சந்திப்பில் இறங்கி மாறினார்கள். நல்ல கைக்காரர் செய்வதும் ஒரு சந்திப்பை அமைப்பதுதான். கையகல ராஸ்பெரி பை பலகை, அதில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் கப்ஸ், 1020-இன் மொழி தெரிந்த ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவர். இவை நடுவே நின்றால் கைபேசியிலிருந்துகூட அச்சடிக்கலாம். பிரின்டருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. இதற்கு மாறாக, பிரின்டருக்காகவே மூலையில் ஒரு எக்ஸ்பி கணினியை உயிரோடு வைத்திருக்கிறவர்கள் உண்டு. 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒன்றில் ஊராரின் ஆதாரையும் பத்திரத்தையும் திறப்பதை வித்தை என்று சொல்ல மனம் வரவில்லை.

புது இங்க் டேங்க் பிரின்டர் வாங்கினால் பக்கத்துக்கு ஆகும் செலவு இன்னும் குறையுமே என்று கேட்கலாம். குறையும், பள்ளிக்கூட நோட்ஸுக்கு அதுவே சரி. பத்திரத்தின் கதை வேறு. டோனர் என்பது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகித் தாளோடு ஒட்டுவது. வியர்வைக் கை பட்டாலும் கரையாது. சாய மை இழுகிவிடும். மூளையில்லாத பிரின்டர் கணினியின் தயவில்தானே பிழைக்கிறது என்பது இதைவிடக் கனமான கேள்வி. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது, அதனால் பழைய 32-பிட் டிரைவர்கள் செத்தன என்பது உண்மை. ஆனால் பிரின்டரின் அந்த மூளையில்லா அறியாமையில் தமிழுக்கு ஒரு லாபம் இருக்கிறது. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய மனுவும், 2010-இல் தமிழக அரசு ஏற்ற யூனிகோடில் அடித்த புது மனுவும் அதற்கு வெறும் கறுப்புப் புள்ளிகள்தாம். எந்த எழுத்து என்று அது கேட்பதில்லை, அதனால் குழம்புவதுமில்லை.

இணைத்து முடித்ததும் விண்டோஸ் தரும் சோதனைப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது அரைவேலை. ஒரு கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை வெள்ளைத்தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். ‘ணை’யின் கொம்பு உடையாமல், சர்வே எண்ணின் உட்பிரிவில் 3-உம் 8-உம் தனித்தனியாகத் தெரிந்தால், அடுத்து முத்திரைத்தாளை வைக்கலாம்.