எடை மேட்ச்ல இடமில்லாதவனுக்கு ஒரு ஆட்டம்

எங்க சின்னமனூர் பக்கம் கபடி நோட்டீஸ்ல ஊர் பேருக்கு அடுத்து கண்ணுல படுறது எடைதான்: 55 கிலோ, 65 கிலோ. என் சித்தப்பா மகன் பத்தாவது படிக்கும்போதே 90 கிலோ. தராசுல ஏறி இறங்கினதோட அவன் ஆட்டம் முடிஞ்சிரும். ஸ்கோர் எழுத உட்கார்ந்திருவான். அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அவன் ஞாபகம்தான் வரும்.

இந்தியாவில் இந்த ஆட்டத்தை ஊன்றிப் பார்த்தார்கள். 'எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' 2011-ல் அறிவிக்கப்பட்டது. நடிகர் மார்க் வால்பெர்க், முன்னாள் பயிற்சியாளர் மைக் டிட்கா போன்றவர்கள் பின்னால் நின்றார்கள். 2012-ல் முதல் சீசனைக் கொழும்பில் ஆடிப் படம்பிடித்து, பிறகு டிவியில் காட்டினார்கள். புனே மராத்தாஸ் ஜெயித்தது. லீக் நிலைக்கவில்லை.

முரட்டு மோதலைக் காட்டினால் கூட்டம் வரும் என்று நம்பியதுதான் தப்பு என்பேன். மோதல் நமக்குப் புதுசா? பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதும் தொடையைக் கட்டி இழுப்பதும் கபடியிலேயே இருக்கு. அய்யம்பட்டி வாடிவாசல்ல மாடே வருது.

இந்த ஆட்டத்தில் உண்மையிலேயே புதுசு, முன்வரிசை. களத்தில் 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் நகரணும். பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். பந்தோடு ஓடுவது அவர்கள் வேலை இல்லை. எதிராளியை அண்டவிடாமல் தடுப்பதே வேலை. அமெரிக்காவின் பெரிய லீக்கில் அவர்களில் பலர் 135 கிலோவுக்கு மேல். அங்கே எடை குற்றம் இல்லை, தகுதி. ஒல்லியானவனுக்கும் குண்டானவனுக்கும் ஒரே அணியில் தனித்தனி வேலை இருப்பதுதான் இதன் கவர்ச்சி.

இப்போது 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் வருகிறது. ஆளை விழத்தாட்ட வேண்டாம். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். ஹெல்மெட், தோள்கவசச் செலவு இல்லை, பள்ளிக்கூட மைதானமே போதும். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட பழைய ஆட்டக்காரர்களை நினைத்தால், பிள்ளைகளுக்கு இதுதான் சரி. இதை மறுக்க மாட்டேன்.

ஆனா அதில் அணிக்கு ஐந்தே பேர். முட்டித் தடுக்கவே கூடாது. அப்போ முன்வரிசை போச்சு. வேகமா ஓடுறவனுக்கு மட்டும்தான் இடம். நமக்குக் கட்டுப்படியாகிற வடிவத்தில், நமக்குத் தேவையான பகுதி மட்டும் இல்லை.

நாளைக்கு யாராவது உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ இதைச் சொல்லிக்கொடுக்க வந்தா, நான் கேட்கப்போறது ஒண்ணுதான்: ஸ்கோர் எழுத உட்கார்ந்திருக்கானே, அவனுக்கு இதுல என்ன வேலை வச்சிருக்கீங்க?