யூசுப் பாடிய அலை

யூசுப் இஸ்லாம் மீண்டும் பாட வந்தது பற்றி நம்மிடையே நடந்த பேச்சுகளில் பாட்டைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. ஒரு சாரார் கிற்றார் கூடுமா கூடாதா என்று கேட்டார்கள். மறுசாரார் பழைய கெட் ஸ்டீவன்ஸ் திரும்பிவிட்டாரா என்று கேட்டார்கள். பாட்டைக் கேட்காமலேயே பதில் சொல்லிவிடலாம் என்பதுதான் இவ்விரு கேள்விகளிலும் உள்ள வசதி. 2006இல் 'அன் அதர் கப்' அல்பத்தின் முதற்குரலாக வெளிவந்த 'ஹெவன் / வேர் ட்ரூ லவ் கோஸ்' என்ற தனிப்பாடலை இத்தனை வருடங்களில் நான் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். நல்ல பாட்டு. ஆனால் அதில் ஓர் இடத்தில் எனக்கு அவரோடு வழக்குண்டு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் லண்டனில், சைப்பிரஸ் கிரேக்கத் தந்தைக்கும் சுவீடன் நாட்டுத் தாய்க்கும் பிறந்தவர். 1970இல் வந்த 'டீ ஃபோர் த டில்லர்மன்' அவரை உலகறிந்த பொப் பாடகராக்கியது. 1977இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1978இல் வந்த அல்பத்தோடு பொப் உலகத்தை விட்டார். 1983இல் லண்டனில் இஸ்லாமியா ஆரம்பப் பாடசாலையைத் தொடங்கினார். தொண்ணூறுகளில் அவர் மீண்டும் ஒலிப்பதிவுக்கு வந்தபோது குரலும் தோற்கருவியும் மட்டுமே இருந்தன. பிறகு மகன் ஒரு கிற்றாரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் அதைக் கையில் எடுத்ததாக யூசுபே சொல்லியிருக்கிறார். ஆக, 1978க்கும் 2006க்கும் இடையில் 28 வருடங்கள்.

இவ்வளவு காலம் கழித்து வருகிற ஒருவர் புதிய மெட்டோடு வருவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். இவரோ பழைய மெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். 1973இல் 'ஃபொரினர்' என்ற இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்த, பதினெட்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட 'ஃபொரினர் சூட்' என்ற நீண்ட பாட்டு அவருக்கு உண்டு. அலைந்து திரிந்து, ராகம் மாறி, தாளம் மாறி ஓடும் அந்தப் பாட்டு கடைசியில்தான் ஒரு நிலைக்கு வருகிறது. வாசலில் வந்து நின்றவளைக் கண்டதும் இனித் தேட ஒன்றுமில்லை என்று ஒருவன் உணரும் இடம் அது. அந்தக் கடைசிப் பகுதிதான் 2006இன் தனிப்பாடலில் தொடக்கமாகிறது. தேடல் முடிந்த இடத்தில் இந்தப் பாட்டு தொடங்குகிறது என்று சொல்லலாம்.

பழைய வரிகளை அவர் பெரிதாகத் திருத்தவில்லை. அன்பு போகும் வழியே தானும் போவதாகச் சொல்லும் பல்லவியொன்றைப் புதிதாகச் சேர்த்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பல்லவி வந்ததும் வாசலில் நின்றவள் யார் என்பது கலங்கிவிடுகிறது. காதலியா, மனைவியா, வழிகாட்டியா, இறைவனா? பெயர் சொல்லப்படவே இல்லை. குணங்குடி மஸ்தான் சாஹிபு மனோன்மணியை விளித்துப் பாடியதைப் படித்தவர்களுக்கும், நமது ஊர்களில் றபான் தட்டிப் பாடிய பக்கீர் பாவாக்களைக் கேட்டவர்களுக்கும் இது புதிதல்ல. காதலின் மொழியை அப்படியே வைத்துக்கொண்டு அது போய்ச் சேரும் இடத்தை மட்டும் மாற்றுவது நமக்குப் பழகிய வித்தை. யூசுப் அதை எங்கிருந்தும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. தன் சொந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டதில் அது வாய்த்திருக்கலாம். இதே அல்பத்தில் யூசு என்டூருடன் அவர் பாடிய 'த பிலவ்ட்' நபிகளாரை நேரடியாகப் புகழ்கிறது. அது கேட்க இனிமையானது. ஆனால் அங்கே நேசருக்குரியவர் யார் என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால், எனக்குள் அது இவ்வளவு தூரம் வேலை செய்யவில்லை.

றிக் நோவல்ஸோடு சேர்ந்து செய்த ஒலியமைப்பு சற்று அதிகமாகவே மெருகேற்றப்பட்டது. எழுபதுகளில் கிற்றார்க் கம்பியில் விரல் உரசும் சத்தம்கூடக் கேட்கும். இங்கே எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. குரல் மட்டும் தப்பியது. 58 வயதுக் குரலில் பழைய கரகரப்பு அப்படியே இருக்கிறது.

இனி அந்த வழக்கு. பாட்டின் நடுவே, புயல் வந்தால், ஓர் அலையை நீ எதிர்கொண்டால், நீ காப்பாற்றப்படுவதற்கு அதுவே வாய்ப்பாகலாம் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அவரது வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். எழுபதுகளின் நடுவில் கலிபோர்னியாவின் மலிபு கடலில் நீந்தப்போய் நீரோட்டத்தில் அகப்பட்டார். காப்பாற்றினால் உனக்காக உழைப்பேன் என்று இறைவனிடம் இறைஞ்சினார். பின்னாலிருந்து வந்த அலையொன்று அவரைக் கரைக்குத் தள்ளியது. அவர் பல தடவை சொன்ன சம்பவம் இது. அவரைப் பொறுத்தவரை அலை என்பது அடைக்கலம். அது உண்மையான அனுபவம். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த வரியை நான் கல்முனையிலும் மருதமுனையிலும் வைத்தே கேட்கிறேன். 2004 டிசம்பர் 26இல் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அங்கே அலையை எதிர்கொண்டவர்களிடம் போய் இந்த வரியைப் பாட எனக்கு நா எழாது. கரைக்குத் தள்ளப்பட்டவனின் நன்றி, கரையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்பதைக் கவிஞன் யோசிக்க வேண்டாமா? பெயரைச் சொல்லாமல் விட்டதால் திறந்து நின்ற பாட்டு, இந்த ஒரு வரியில் ஒருவருடைய சுயசரிதைக்குள் மூடிக்கொள்கிறது.

இதை அவர் அறியாமல் எழுதினார் என்றும் சொல்ல முடியாது. ஒரு வருடம் முன்னர், 2005இல், அந்தக் கடற்கோளைப் பற்றியே 'இந்தியன் ஓஷன்' என்ற பாட்டை அவர் பாடியிருந்தார். ஏ. ஆர். ரஹ்மானும் அதில் பங்குகொண்டார். கிடைத்த வருமானம் பண்டா ஆச்சேயின் அநாதைப் பிள்ளைகளுக்குப் போனது. முதலில் இணையத்தில் மட்டும் விற்கப்பட்டதால் நம்மில் பலருக்கு அப்படியொரு பாட்டு வந்ததே தெரியாது. அந்தப் பாட்டைப் பாடியவரின் வாயிலிருந்துதான் இந்த வரியும் வந்தது என்பதே என்னை உறுத்துகிறது. இரண்டும் ஓர் அல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருந்தால், காத்த அலையும் கொன்ற அலையும் ஒன்றையொன்று கேள்வி கேட்டிருக்கும். 'இந்தியன் ஓஷன்' 2005இன் 'கோல்ட்' என்ற பழைய பாட்டுகளின் தொகுப்பில் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க விரும்புபவர் இரண்டு இறுவட்டுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.