ரயில் கூரையில் ஒரு செய்தி

அடுத்தவர் படும் பாட்டை 'ரசிப்பது' என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பிழைப்புத் தேடி எல்லை தாண்டுகிறவர்களைப் பற்றிய நல்ல செய்திக்கட்டுரையை ரசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அழுகை வந்ததா என்று பார்த்தால் போதாது. மோசமான கட்டுரையும்தான் அழவைக்கிறது.

சோனியா நசாரியோ 2002இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் எழுதிய 'என்ரிகேயின் பயணம்' தொடரை எடுத்துக்கொள்வோம். ஹோண்டுராஸில் 5 வயதுப் பையனை விட்டுவிட்டு அம்மா அமெரிக்காவுக்குப் போகிறாள். 11 ஆண்டுகள் கழித்து அவளைத் தேடிக் கிளம்புகிறான் பையன். சரக்கு ரயில்களின் கூரையில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடக்க வேண்டும். பலமுறை பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, எட்டாவது முயற்சியில்தான் எல்லையை எட்டுகிறான்.

முதலில் பொருட்களைக் கவனியுங்கள். எல்லை நகரமான நுவேவோ லாரெடோவில் அவன் கையில் அம்மாவின் போன் நம்பர் இல்லை, வழியில் தொலைந்துவிட்டது. இரண்டு போன் கார்டு வேண்டும்: ஊருக்குப் பேசி நம்பர் வாங்க ஒன்று, அம்மாவிடம் பேச இன்னொன்று. அதற்காக வாளியும் துணியுமாகக் கார் கழுவுகிறான். 'ஏக்கம்', 'தவிப்பு' என்றெல்லாம் எழுத நசாரியோவுக்குத் தேவையே வரவில்லை.

அடுத்து, எழுதியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பையனை அவர் சந்தித்ததே இந்த எல்லை நகரில்தான். அதற்கு முந்தைய வழியை அவர் பார்க்கவில்லை. ஆகவே பின்னர் ஹோண்டுராஸிலிருந்து புறப்பட்டு, அவன் வந்த தடத்திலேயே ரயில் கூரைகளிலும் ஏறிப் போனார். எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்ற குறிப்புகளையும் பத்திரிகை சேர்த்தே அச்சிட்டது. பலரும் புரட்டிவிட்டுப் போகும் இடம் அது. எனக்கோ கதைக்குச் சமமான சுவை அதில்.

மெக்சிகோவின் வெராக்ரூஸைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் நிதானமாகப் படியுங்கள். தாங்களே கஷ்டத்தில் இருக்கும் கிராமத்தார் ஓடிவந்து, நகரும் ரயிலை நோக்கி ரொட்டியும் பழமும் தண்ணீர் பாட்டிலும் வீசுகிறார்கள். அதே ரயிலில்தான் திருடர்களும் ஏறுகிறார்கள். பையனும் உத்தமன் இல்லை; பசை முகர்ந்து போதையேற்றியவன். அம்மாவைச் சேர்ந்த பிறகு அவளோடு சண்டையும் போடுகிறான். இதை மறைத்திருந்தால் அவன் பரிதாபப் பொம்மையாகியிருப்பான்.

எழுத்துக்காக நசாரியோவுக்கும் படங்களுக்காக டான் பார்ட்லெட்டிக்கும் 2003இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஒரு நெருடல் பாக்கி. உயிருக்கு ஆபத்து என்றாலொழியக் குறுக்கிடுவதில்லை என்பது நசாரியோ வைத்துக்கொண்ட விதி. குறுக்கிட்டால் அது அவன் பயணமாக இருக்காது என்பது அவர் கட்சி. எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. அந்தக் கார் கழுவும் பத்தியை மறுபடி படித்துப் பாருங்கள். வாளியோடு நிற்கும் பையனுக்குச் சற்றுத் தள்ளி, நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவரும் இப்போது தெரிவார்.