இளவரசியும் அகதியும்

1984 யூலையில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அன்று அதைக் கைமாற்றிப் படித்த சிறுவர்களான நாங்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். இங்கே நியூஜெர்சியிலும் மாடஸ்டி பிளைசி பற்றிய பேச்சு எழுந்தால் ரசிகர் இரண்டு கட்சியாகிவிடுவர். ஒரு சாராருக்கு அவள் ‘இளவரசி’. ஆணுக்கு நிகராகச் சண்டையிட்டு, வில்லி கார்வினுக்குக் கட்டளையிடுபவள். மறுசாராருக்கு அவள் ஆண்களின் பார்வைக்காக வரையப்பட்ட உடல். இரண்டிலும் உண்மை உண்டு.

இரு சாராரும் காணத் தவறுவது, அவள் ஓர் அகதி என்பதை. பீற்றர் ஓ’டொனல் 1942இல் படைவீரராக வட ஈரானில் இருந்தபோது, தன்னந்தனியே வந்த அகதிச் சிறுமி ஒருத்தியைக் கண்டார். அந்த நினைவிலிருந்தே 1963இல் லண்டன் ஈவினிங் ஸ்ரான்டர்ட் பத்திரிகையில் இப்பாத்திரம் பிறந்தது. கதையின்படி, அவள் கிரேக்கத்து முகாமொன்றிலிருந்து தப்பியவள், தாய்தந்தையரை அறியாதவள். லொப் என்ற முதிய அகதிப் பேராசிரியரை அவள் காத்தாள். அவர் அவளுக்குக் கல்வியும் பெயரும் கொடுத்தார். பின்னர் பிரித்தானியக் குடியுரிமைக்காக ஓர் ஆங்கிலேயனைப் பெயரளவில் மணந்தாள். இந்த வரலாறு நம்மில் யாருக்கு அந்நியம்?

ஆயினும் ஓ’டொனல் அவளை அகதியாக நீடிக்க விடவில்லை. தாஞ்சியரில் குற்றக்கும்பலின் தலைவியாகிப் பணம் சேர்த்தவள், பிறகு பிரித்தானிய உளவுத்துறையின் சேர் ஜெரால்ட் டரன்டுக்கு உதவுகிறாள். அகதி மதிக்கப்பட வேண்டுமானால் அசாதாரணமானவளாகவும் புகலிட அரசுக்குப் பயன்படுபவளாகவும் இருக்கவேண்டும் என்பதே இதன் உள்ளார்ந்த அரசியல். ‘திறமையுள்ள’ அகதி, ‘சுமையான’ அகதி என்று நம்மைத் தரம் பிரிக்கும் அரசுகள் பேசுவதும் இதே மொழியைத்தான்.

நமது ரசனையும் இதற்குப் புறம்பானதல்ல. ஆயுதம் ஏந்திய பெண்ணை வீராங்கனை என்று மேடைகளில் கொண்டாடிய சமூகம் இது. முகாமில் பிள்ளைகளைக் காத்து, வந்த நாட்டில் இரவுவேலை செய்து குடும்பத்தை நிமிர்த்தியவளை அதே சமூகம் ‘பாவம்’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோகிறது. தொழிற்சாலையில் என்னோடு பெட்டி அடுக்கும் பெண்களிலும் எல்லைகளைத் தனியே கடந்து வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ரசிகர் இல்லை.

ஓ’டொனல் 2001 வரை, 38 ஆண்டுகள், இச்சித்திரத்தொடரை எழுதினார். முகாமிலிருந்து தப்பிய சிறுமியின் கதைக்கு அதில் கிடைத்த இடமோ மிகச் சிறியது. மாடஸ்டியின் துணிவு துப்பாக்கி எடுத்த பிறகு தொடங்கியதல்ல என்பது என் வாசிப்பு. மறுப்பவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.